வெயிலைப் பார்த்து நிழல், தண்ணீரைப் பார்த்துச் செடி

தோட்டத்துத் திண்ணை: வாசகர் கேள்வி பதில்

கோடை நெருங்குவதால் இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் தோட்டம் வேண்டும், அதில் சாயங்காலம் உட்கார நிழலும் வேண்டும். மதுரையைச் சுற்றியிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

திருநகரில் மேற்குப் பார்த்த வீடு. வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே 14 அடி அகலம், 30 அடி நீளத்துக்குச் சிமென்ட் தரை. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. நிழல் போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரி ஆக்க முடியுமா? தகர ஷீட் நல்லதா, கொடிப்பந்தல் நல்லதா?
– திருநகர் வாசகி

முடியும். ஆனால் தலைக்கு மேலே கூரை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். மே மாதம் மாலை 4.30 மணிக்கு மதுரையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 28 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் 9 அடி உயரத்தில் பந்தல் போட்டு, அதன் மேற்கு விளிம்பிலிருந்து ஒன்பது அடி உள்ளே நாற்காலியைப் போட்டாலும் வெயில் முகத்தில்தான் அடிக்கும். வீட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் தப்பிக்கலாம். ஐந்து மணி தாண்டினால் அதுவும் போச்சு. பந்தல் மத்தியான வெயிலுக்குத்தான். சாயங்கால வெயிலுக்கு மேற்கு விளிம்பில் ஒரு தொங்குதிரை வேண்டும். மேலிருந்து தொடங்கி, தரைக்கு மூன்றரை அடி இருக்கும்போது நின்றுவிட வேண்டும். அடியில் இருக்கும் அந்த இடைவெளி காற்றுக்கு. தரைவரை அடைத்தால் புழுக்கம் தாங்காது. சுருட்டி ஏற்றுகிற மூங்கில் தட்டி இதற்குப் போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் 4 அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைச் சட்டத்தில் அடித்துக் கொடி ஏற்றுங்கள்.

தகர ஷீட் வேண்டாம். மத்தியானம் வாங்கிய சூட்டை அப்படியே கீழே உமிழும், மழை பெய்தால் பேச முடியாது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மேலே வெள்ளைக் கூல் கோட்டிங் அடித்து, ஓரடி இடைவெளி விட்டுக் கீழே தென்னங்கீற்றோ நிழல்வலையோ கட்டினால் ஓரளவு தாங்கும்.

பந்தலுக்குக் கல்தூண்தான் எங்கள் பரிந்துரை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு நடுகிறார்களே, அதே மாதிரி. கரையானும் துருவும் அண்டாது. 11 அடித் தூணில் இரண்டு அடியை மண்ணுக்குள் விட்டு, சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள். தூணுக்குத் தூண் 8 அடி. மேலே 2 அங்குல ஜி.ஐ. குழாய், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாக 10 கேஜ் கம்பி, குறுக்கும் நெடுக்கும். கம்பியை இழுத்துக் கட்டும் ஓரத் தூண்கள்தான் சாயும். அவற்றுக்கு மட்டும் வெளிப்பக்கமாக முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கொடியைத் தொட்டியில் வைத்துப் பந்தலை மூடலாம் என்று எண்ண வேண்டாம். சிமென்டை 2 அடிக்கு 2 அடி உடைத்து, 2 அடி ஆழம் தோண்டி, கட்டடக் கழிவை எல்லாம் எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணியும் சம அளவில் நிரப்பி நடுங்கள். இரங்கூன் மல்லி மதுரை வெயிலுக்குச் சரியான கொடி. பந்தலை மூட இரண்டு வருஷம் பிடிக்கும். அதுவரை அதே குழியில் இரண்டு சங்குப்பூ விதையை ஊன்றிவிடுங்கள், மூன்று மாதத்தில் ஏறிவிடும். இரங்கூன் மல்லியை ஒவ்வொரு தை மாதமும் பாதிக்கு வெட்டுங்கள். பங்குனிக்குள் புதுத் தழை மூடிவிடும், ஆடிக் காற்றில் பாரம் தாங்காமல் கம்பி அறுவதும் இருக்காது. காகிதப்பூவும் ஏற்றலாம், ஆனால் வெட்டிப்போட்ட முள் காலில் ஏறும். குழந்தைகள் புழங்கும் இடம் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

மீதிச் சிமென்டிலும் முடிந்தவரை எடுத்துவிடுங்கள். ராத்திரி எட்டு மணிவரை சூடு விடுவது அதுதான். 4 அங்குலம் மணல் பரப்பி அதன் மேல் செங்கல்லைப் பூச்சில்லாமல் பதித்தால் மழைநீர் இறங்கும், சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் குளிர்ந்துவிடும். கடப்பாக்கல் அழகுதான், ஆனால் வெயில் படும் இடத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.

இன்னொன்று. வீட்டுக்குக் கிழக்கே பத்தடி காலி இடம் உள்ளவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதே இல்லை. மூன்று மணிக்கு மேல் வீடே நிழல் கொடுக்கும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பது மதுரையில் செல்லாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழும்.

கொடி வளரும்வரை நிழல்வலை கட்டலாம் என்றிருக்கிறேன். எத்தனை சதவீதம் வாங்குவது? போன ஆடியில் பக்கத்து வீட்டு வலை கிழிந்து தெருவில் கிடந்தது.
– விளாங்குடி வாசகர்

செடிக்கு 50, ஆள் உட்கார 75. பச்சை வலைக்கு அடியில் எல்லார் முகமும் நோயாளி மாதிரித் தெரியும். வெள்ளை அல்லது சந்தன நிறம் கிடைத்தால் அதை வாங்குங்கள். வலை கிழிவது அது தரங்கெட்டது என்பதால் அல்ல, தொய்வாகக் கட்டுவதால்தான். தொய்ந்த வலை காற்றில் படபடவென்று அடித்து, கட்டிய இடத்தில் அறுந்துவிடும். ஓரத்தை மடித்து நாடா வைத்துத் தைத்து, 2 அடிக்கு ஒரு வளையம் அடித்து, நைலான் கயிற்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கட்டுக்கம்பி வலையை அறுக்கும். நாலு மூலையும் ஒரே மட்டத்தில் வேண்டாம், எதிரெதிர் மூலைகளில் ஒன்று ஓரடி உயரமாக இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

திருமங்கலம் பக்கம் கரிசல் மண். தோட்டத்துக்குள் நடைபாதைக்கும் உட்காரும் மேடைக்கும் டைல்ஸ் போட்டோம். இரண்டே கோடையில் ஏறி இறங்கிப் பிளந்துவிட்டது. கொத்தனார் மேல் தப்பா? கற்றாழை, கள்ளி வகைகளும் மழைக்காலத்தில் அழுகிவிடுகின்றன.
– வாசகர், திருமங்கலம்

மண்ணைக் கேட்காமல் போட்டது தப்பு. கரிசல் மழையில் உப்பும், கோடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் சிமென்டில் ஒட்டிய எதுவும் நிற்காது. மேடை வரும் இடத்தில் ஒன்றரை அடிக் கரிசலை எடுத்துவிடுங்கள். கிராவல் மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து நிரப்புங்கள். மேலே 2 அங்குலம் எம்-சாண்ட். அதில் பேவர் பிளாக் அல்லது கல் பலகையை ஒட்டாமல் பதியுங்கள். அசைந்தாலும் எடுத்து மட்டம் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம். சுற்றிலும் ஓரக்கல் அவசியம், இல்லையென்றால் மணல் நழுவி வரிசை விரியும். மேடையை ஒட்டித் தண்ணீர் அதிகம் கேட்கும் பாத்தி வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ச்சல் என்றால் அங்கேதான் பிளவு விழும்.

கள்ளியும் கற்றாழையும் அழுகியது தண்ணீர் தேங்கியதால். கரிசலில் குழி தோண்டி அதில் மட்டும் மணல் கலந்து நட்டால் அது கிணறு மாதிரி ஆகிவிடும், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். குழி வேண்டாம், மேடு கட்டுங்கள். தரைக்கு மேல் ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்துக்கு, செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மேட்டில் கற்றாழை, மருள், டேபிள் ரோஸ், பிரண்டை. மேட்டுக்கு வெளியே கரிசலிலேயே நன்றாக வருபவை ஆவாரை, நொச்சி, அரளி, வேலியோரம் கொடுக்காப்புளி. அரளி எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் அதற்குப் பதில் நந்தியாவட்டை வையுங்கள்.

கோடையில் வெடிப்பைக் கண்டால் உடனே மூடுங்கள். வெடிப்பு வழியாக அடி ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், வேரும் அறும். மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, கடலைத் தோலோ கரும்புச் சோகையோ 3 அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள், தண்டை ஒட்டிப் போட்டால் கரையானுக்கு வாசல் திறந்த மாதிரி. செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் தூவிவிடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. இட்லிப்பூவும் மல்லியும் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு விடலாமா?
– புதூர் வாசகி

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: தொட்டிச் செடிக்கு விடாதீர்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுக்க அந்தக் கழிவில்தான் வருகிறது. வாசல் கழுவ, பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் காரமாகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் குருத்து இலை வெளுத்து, நரம்பு பச்சையாக நிற்கிறது. அடியிலை முதலில் மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு. இதைப் பிரித்துப் பார்க்காமல் யூரியா போடுபவர்கள் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்த உடனே தெளித்துவிட வேண்டும். கரைசல் செங்காவி நிறமானால் வீண். தரையில் பட்டால் கறை போகாது, டைல்ஸ் மேல் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனம்.

மாதம் ஒருமுறை தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தாராளமாக வழியும்வரை தண்ணீர் விட்டு உப்பை இறக்குங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இங்கே கெடுதல், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். மழைத் தண்ணீரில் இந்த வேலையைச் செய்தால் இன்னும் நல்லது.

நீண்ட நாளைக்கு யோசித்தால், இட்லிப்பூவோடு மல்லுக்கட்டுவதை விட அந்த இடத்தில் டிசம்பர் பூவும் நித்தியகல்யாணியும் வைத்துவிடலாம். காகிதப்பூவும் உப்பைப் பொருட்படுத்தாது.

அப்படியானால் மல்லி? தண்ணீரைச் சேமிக்கும் தோட்டம் என்றால் மதுரையில் இருந்துகொண்டு மல்லியையும் விட வேண்டுமா?
– அவனியாபுரம் வாசகி

யார் சொன்னது? 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவை மதுரைக்காரரை விடச் சொன்னால் சும்மா விடுவார்களா! இருபது செடிக்குப் பதில் இரண்டு செடி வையுங்கள். தங்கச்சிமடம் நாற்று என்று கேட்டு வாங்குங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆறு மணி நேர வெயிலில், நாலடி இடைவெளி. நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, செடிக்கு 10 கிலோ தொழுஉரம். மார்ச் முதல் ஜூன்வரை பூக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை நன்றாக நனையத் தண்ணீர், மற்ற மாதங்களில் அதில் பாதி. நிழலில் வைத்தால் தழைக்கும், மொட்டு வராது.

மேலூர் அருகே 8 சென்ட். புல்தரை வேண்டும் என்று மகன் சொல்கிறான். சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சமாகுமா? மோட்டார் இல்லாமல் மாடித் தொட்டியிலிருந்தே விடலாமா? எத்தனை லிட்டர் ஆகும் என்று கணக்கோடு சொல்லுங்கள், ஐயா.
– மேலூர் வாசகர்

கணக்கையே பாருங்கள். 500 சதுர அடிக்குப் புல் போடுவதாக வைத்துக்கொள்வோம், அது 46 சதுர மீட்டர். கோடையில் புல்தரை ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் கேட்கும். நாளுக்கு 230 லிட்டர், மாதம் ஏறக்குறைய 7,000. அதே தண்ணீரில் நாற்பது புதர்ச் செடியும் பத்து மரக்கன்றும் வளர்க்கலாம். மகனுக்குப் பந்து விளையாட இடம் வேண்டுமென்றால் வெறும் செம்மண் தரையே போதும். பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் பொடுதலை வையுங்கள். கணுவுக்குக் கணு வேர் பிடித்துப் பாய் மாதிரிப் படரும், மிதித்தாலும் தாங்கும், வாரம் ஒரு தண்ணீர் போதும். ஒரு சாண் இடைவெளியில் துண்டுகளை நட்டால் மூன்று நாலு மாதத்தில் மூடிவிடும். பூக்கும்போது தேனீ மொய்க்கும், அப்போது வெறுங்காலோடு ஓடவிடாதீர்கள்.

சொட்டுநீரை மாடித் தொட்டியிலிருந்தே விடலாம். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம். உங்கள் தொட்டி தரையிலிருந்து 15 அடி என்றால் அரைக் கிலோகூட வராது. கடைக்காரர் விலை கூடுதலான, அழுத்தத்தைச் சீராக்கும் டிரிப்பரைக் கொடுப்பார், அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இல்லாவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. உங்களுக்குத் தேவை சாதாரண டிரிப்பர், அதிலும் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடியது. மணிக்கு 4 லிட்டர். தொட்டியிலிருந்து 1 அங்குலக் குழாய், ஒரு ஸ்கிரீன் ஃபில்டர், அங்கிருந்து 16 மி.மீ. லேட்டரல், அதாவது டிரிப்பர் செருகும் கிளைக் குழாய். ஒரு லைனை 25 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், கடைசிச் செடி காயும்.

புதருக்கு இரண்டு டிரிப்பர், ஒரு மணி நேரம், கோடையில் வாரம் இரண்டு தடவை. மரக்கன்றுக்கு முதல் வருஷம் தடவைக்கு 15 முதல் 20 லிட்டர், வாரம் இரண்டு முறை. இரண்டாம் வருஷம் வாரம் ஒன்று. மூன்றாம் வருஷத்திலிருந்து பங்குனி முதல் வைகாசிவரை மாதம் இரண்டு போதும். வறட்சி தாங்கும் செடி என்றால் நட்ட அன்றிலிருந்தே தாங்கும் என்று பொருளில்லை. வேர் இறங்கும்வரை அதுவும் பச்சைக் குழந்தைதான். கன்று வளர வளர டிரிப்பரைத் தண்டிலிருந்து தள்ளித் தள்ளி வையுங்கள். தண்டடியிலேயே சொட்டினால் வேர் அங்கேயே சுருண்டு நிற்கும், ஆடிக் காற்றில் மரம் சாயும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை லேட்டரலின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை ஓடவிடுங்கள். அடைத்த டிரிப்பரை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். குழாயை அணில் கடிப்பது கோடையில் தாகத்தால். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

மழைக் கணக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மாடியில் 79,000 லிட்டர் விழுகிறது, வீணாவது போக 60,000 லிட்டராவது கையில் நிற்கும். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுவதால் முழுக்கப் பிடித்துவைக்க முடியாது. ஒரே மழையில் 65 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர்த் தொட்டி கிட்டத்தட்ட நிரம்பும். வழிவதை மரங்களின் பக்கம் வாய்க்கால் வெட்டி விட்டுவிடுங்கள்.

அழகர்கோவில் சாலையில் வீடு கட்டியிருக்கிறோம். இரண்டு அடிக்குக் கீழே சுக்கான், சுண்ணாம்பு இறுகிய கெட்டி அடுக்கு. உட்கார நிழல் தரும் மரம் ஒன்றே ஒன்று வைக்க இடமிருக்கிறது. சரக்கொன்றை வைக்கலாமா?
– வாசகர், அழகர்கோவில் சாலை

பார்க்க வையுங்கள், உட்கார வைக்காதீர்கள். சித்திரையில் மரம் முழுக்கப் பொன்னாகத் தொங்கும்போது இலை இருக்காது. உங்களுக்கு நிழல் வேண்டியதே அப்போதுதான். ஒரே மரம் என்றால் புங்கை. மாசியில் உதிர்த்து, பங்குனிக்குள் புதுத் தழை விட்டு, கத்திரி வெயிலில் அடர்ந்து நிற்கும். வேம்பும் அப்படியே, ஆனால் ஆனி, ஆடியில் பழத்துக்கு வரும் பறவைகள் நாற்காலியை அசிங்கம் செய்யும். நாவல் தரையைக் கறையாக்கும். முருங்கை காற்றில் முறியும். பொறுமை இருந்தால் மகிழம், பத்து வருஷம் ஆகும், அப்புறம் உதிரும் பூவை எடுத்துக் கோத்துக்கொள்ளலாம்.

சுக்கானை உடைக்காமல் நட்டால் மூன்றாம் வருஷம் மரம் நின்றுபோகும். 3 அடிக்கு 3 அடி, ஆழம் 3 அடி. கடப்பாரையால் சுக்கானைத் துளைத்து, அடியில் மண் தெரிகிறதா பாருங்கள். குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் நின்றால் இன்னும் உடைக்க வேண்டும். எடுத்த சுக்கானைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள். மேல்மண், மக்கிய சாணி சமபங்கு, அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. சுவர், செப்டிக் டேங்க், சம்ப் மூன்றிலிருந்தும் 15 அடி தள்ளி. புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே வேர் பிடிக்கவைத்துவிடும். தையில் நடுபவர்கள் கோடை முழுக்கக் குடம் சுமக்க வேண்டிவரும்.

காகிதப்பூ ஆளுயரம் வளர்ந்து தழையாக நிற்கிறது. பூ இல்லை.
– உசிலம்பட்டி வாசகர்

ரொம்பக் கவனிக்கிறீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள். இலை வாடித் தொங்கும்போது மட்டும் ஒருமுறை விடுங்கள். சாணி, யூரியா எதுவும் வேண்டாம். நுனியை ஒரு சாண் வெட்டினால் வரும் புதுக் கிளையில்தான் பூ. ஆறு மணி நேர வெயில் இல்லாத இடமென்றால் இவையெல்லாம் செய்தும் பயனில்லை.

அடேனியம் அடிக்கிழங்கு மெத்தென்று இருக்கிறது.
– சிம்மக்கல் வாசகி

அழுகல். இன்றே பிடுங்குங்கள். மெத்தென்ற பகுதியை வெள்ளைச் சதை வரும்வரை கத்தியால் சீவி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், பால் விஷம், கையுறை போடுங்கள். வெட்டில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தடவி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, பாதி பருமணலும் செங்கல் தூளும் கலந்த மண்ணில் கிழங்கு வெளியே தெரியும்படி நட்டு, பத்து நாள் கழித்துத் தண்ணீர். ஐப்பசி மழைக்கு முன் தொட்டியைச் சன்ஷேடு அடிக்குத் தள்ளிவிட்டால் இந்த வைத்தியமே வேண்டாம்.

நிழல் போட்டாயிற்று, நாற்காலி போட்டாயிற்று. கொசுவால் உட்கார முடியவில்லை. கொசுவிரட்டிச் செடி வாங்கலாமா?
– கே.கே. நகர் வாசகர்

செடி சும்மா நின்றால் கொசு போகாது, இலையைக் கசக்கினால்தான் வாசனையே வரும். முதலில் தொட்டித் தட்டுகளை எடுங்கள். அப்புறம் பந்தல் மூங்கிலின் வெட்டுவாய். மேல் கணுவுக்கு மேலே இருக்கும் குழிவில் மழைத் தண்ணீர் நிற்கும், அங்கே புழு நெளியும், யாரும் பார்ப்பதில்லை. அதை மணலும் சிமென்டும் குழைத்து அடைத்துவிடுங்கள். பறவைக்கு வைக்கும் தண்ணீரை நாலு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். சம்ப் மூடியின் விளிம்பு, மழைநீர்க் குழாயின் வாய் இரண்டுக்கும் கொசுவலை. இவ்வளவும் செய்துவிட்டுப் பந்தல் தூணில் ஒரு சுவர் ஃபேனை மாட்டுங்கள், முழங்கால் உயரத்துக்குக் காற்று வரும்படி சாய்த்து. கொசுவால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. வெளியில் மாட்டுவதால் பிளக் பாயின்ட்டுக்கு மழை படாத மூடியும், லைனுக்கு மின்கசிவு வந்தால் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் கட்டாயம்.